எந்த அளவு வரை கூடும்?
மார்பக அறுவைச் சிகிச்சை பற்றி ஒரு மார்க்க விளக்கம்

மார்க்கத்தில் கேட்டறிய வேண்டியதைக் கேட்பதற்கு வெட்கம் தடையாக நிற்கலாகாது. மதீனத்து அன்ஸாரிப் பெண்மணிகளை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்தது இந்தக் குணத்திற்காகத்தான். பெண்ணுக்குக் குளிப்புக் கடமையாவது எப்போது என்று உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் சமுகத்திலேயே வந்து கேட்டார்கள். அந்தக் கேள்வியினால் உம்மத்திலுள்ள பெண்கள் அனைவருக்கும் ஒரு சட்டம் கிடைத்தது. இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். ஏனெனில் இம்மாதம் நாம் எழுத எடுத்துக் கொண்ட விஷயம், வீட்டில் பெரியவர்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கச் சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் தனியே படித்துக் கொள்ளட்டும். படிக்காமல் விட வேண்டாம்.

ஒரு சகோதரியிடமிருந்து நமக்குக் கடிதம் வந்தது. ஊரும் பேரும் அவசியமில்லை. வயது நாற்பதை எட்டவில்லை, மூன்று பிள்ளைகள், கணவர் வளைகுடாவில் ஊழியம் பார்க்கிறார். புற்றுநோயின் காரணமாக இடது மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அல்லாஹ்வின் கிருபையால் நோய் அடங்கியிருக்கிறது. இப்போது அகற்றிய இடத்தில் மறுபடியும் மார்பகம் அமைத்துத் தர முடியும் என்கிறார்கள். விசாரிக்கச் சென்ற இடத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எந்த சைஸ் வேண்டும்?" என்பதாம். கூடவே அங்கிருந்த ஊழியர் ஒருவர், "எப்படியும் ஆபரேஷன் செய்யத்தான் போகிறீர்கள், இன்னும் கொஞ்சம் செலவழித்தால் இரண்டையுமே பெரிதாக்கிக் கொள்ளலாமே" என்று யோசனை சொல்லியிருக்கிறார். கணவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "செய்துகொள், எனக்கும் சந்தோஷம்தான்" என்று அவர் பதில் தந்தாராம். கடிதத்தின் கடைசி வரி இது: "ஹஜ்ரத், கூடும், கூடாது என்று மட்டும் எழுதி விடாதீர்கள். எந்த அளவு வரை கூடும் என்று எழுதுங்கள்."

இந்தக் கடிதத்திற்கு உடனே பதில் எழுத நமக்குக் கை வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது.

சில வருடங்களுக்கு முன், ஒரு மஹல்லாவில் பெண்களுக்கான பயானில் சீட்டு ஒன்று எழுதி அனுப்பப்பட்டது. மார்பகம் அகற்றப்பட்ட பெண், உள்ளாடைக்குள் வைத்துக் கொள்ளும் செயற்கை மார்பை அணியலாமா என்பது கேள்வி. நாம் மதரஸாவை விட்டு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஹதீஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. அன்ஸாரிகளில் ஒரு பெண் நோயுற்று, அவளுடைய தலைமுடி உதிர்ந்து போயிற்று. அவளுக்கு ஒட்டுமுடி வைக்கலாமா என்று வீட்டார் கேட்டபோது, ஒட்டுமுடி வைப்பவள் மீதும் வைக்கச் சொல்பவள் மீதும் அல்லாஹ்வின் சாபம் உண்டு என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஸஹீஹான ஹதீஸ். நோயினால் உதிர்ந்த முடிக்கே அனுமதி இல்லையென்றால் இதற்கு ஏது என்று எண்ணி, "கூடாது, இது இல்லாததை இருப்பதாகக் காட்டுவது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வந்தோம். அந்தப் பெண் அதன்பின் கல்யாண வீடுகளுக்கும் மௌலிது மஜ்லிஸுக்கும் வருவதையே நிறுத்திக் கொண்டார் என்பது வெகு நாட்களுக்குப் பிறகுதான் நமக்குத் தெரிய வந்தது.

நம்முடைய உஸ்தாத் அவர்களிடம் இதைச் சொல்லி வருந்தினோம். அன்னார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அர்ஃபஜாவின் மூக்கை மறந்து விட்டீரா?"

அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களுக்கு அறியாமைக் காலத்தில் குலாப் என்னும் போரில் மூக்கு வெட்டுண்டு போயிற்று. வெள்ளியினால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக் கொண்டார்கள். அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. தங்கத்தினால் செய்துகொள்ளுமாறு அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் உத்தரவிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது வருகிறது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அப்படியிருந்தும் இழந்த உறுப்பைச் சீர்செய்யும் இடத்தில் தங்கமே அனுமதிக்கப்பட்டது. முடி வேறு, உறுப்பு வேறு. நாம் முடியின் சட்டத்தை உறுப்பின் மீது ஏற்றி விட்டோம். அந்தச் சகோதரிக்குச் செய்தி அனுப்பி நம் பதிலைத் திரும்பப் பெற்றுக் கொண்டோம்.

அன்று உஸ்தாத் அவர்கள் எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்கள்: "அர்ஃபஜா (ரலி) தம்முடைய மூக்கைத்தான் செய்துகொண்டார்கள். அதைவிட எடுப்பான மூக்கைச் செய்துகொள்ளவில்லை." இப்போது வந்த கடிதத்தைப் படித்தபோது அந்த வார்த்தைதான் நம் நினைவில் நின்றது.

எதிர்ப்பக்கத்து ஆதாரத்தையும் பார்ப்போம். அல்லாஹ்வின் படைப்பை மாற்றுமாறு மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை அந்நிஸா அத்தியாயத்தின் 119-வது வசனம் எடுத்துரைக்கிறது. பச்சை குத்துவோர், முக ரோமத்தைப் பறிப்போர், பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோர் ஆகிய பெண்கள் மீது சாபம் உண்டென்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸும் பிரசித்தமானது. பற்களைப் பற்றிக் கூறும் இடத்தில் ‘அழகுக்காக’ என்னும் ஒரு சொல் அதில் சேர்ந்து வருகிறது. நோயை நீக்கவோ பல்லில் உள்ள குறையைச் சரிசெய்யவோ அராவினால் அது இந்தச் சாபத்தில் அடங்காது என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்கியிருப்பது இச்சொல்லை வைத்துத்தான். ஆக, கத்தி அதே கத்தி, பல்லும் அதே பல். நோக்கத்தைக் கொண்டு சட்டம் மாறுகிறது.

நம் காலத்து உலமாக்களும் இவ்வழியே சென்றிருக்கிறார்கள். இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, 2007-ம் ஆண்டு ஜூலை மாதம் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய தனது 18-வது அமர்வில் இதைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. உறுப்பின் அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பவும், பிறவியிலோ பிற்பாடோ உண்டான குறையைச் சீர்செய்யவும் அறுவைச் சிகிச்சை கூடும். குறையேதும் இல்லாதிருக்க, வெறும் அழகு ஆசைக்காகச் செய்வது கூடாது என்பது அதன் சாரம்.

இதில் உலகச் சட்டங்களும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் நடந்து வந்திருக்கின்றன. 1895-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் செர்னி என்னும் சர்ஜன், கட்டி எடுத்ததால் குழிந்து போன ஒரு பெண்ணின் மார்பை, அவளுடைய இடுப்புப் புறத்திலிருந்து எடுத்த கொழுப்புக் கட்டியைக் கொண்டு நிரப்பினார். இரு பக்கமும் ஒன்று போல் இருக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். இந்தச் சிகிச்சையின் சரித்திரமே சீரமைப்பில்தான் ஆரம்பமாகிறது. அளவைக் கூட்டிக் காட்டும் மோகம் பெருகியது, 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குரோனின், ஜெரோ என்னும் இரு சர்ஜன்கள் சிலிக்கான் பைகளை முதன்முதலாகப் பொருத்திய பிறகு. முப்பது வருடம் கழித்து, 1992-ல், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சிலிக்கான் ஜெல் பைகளின் பாதுகாப்பைப் பற்றிச் சந்தேகித்து, அழகுக்காகப் பொருத்துவதை நிறுத்தி வைத்தது. அப்போதும் நோயினால் மார்பகத்தை இழந்தோருக்கு மட்டும் கண்காணிப்பின் கீழ் அனுமதித்தது. 2006-ல் தடை நீங்கியபோதும், அழகுக்காக என்றால் 22 வயது நிறைந்திருக்க வேண்டும், சீரமைப்புக்கு என்றால் எந்த வயதும் ஆகும் என்று பேதம் வைத்தது. அவர்களுக்கு ஷரீஅத் தெரியாது. ஆயினும் இழந்ததை மீட்பதற்கும் இருப்பதைப் பெருக்குவதற்கும் ஒரே தராசு ஆகாது என்பது தெரிந்திருக்கிறது.

இனி அளவின் விஷயத்திற்கு வருவோம். இது நம் கிதாபுகளில் இல்லை. எனவே நம் துணைவியாரை அழைத்துக் கொண்டு, இத்துறையில் அனுபவமுள்ள ஒரு பெண் மருத்துவரைச் சென்று சந்தித்தோம். பொறுமையாக விளக்கினார்.

கடையில் உள்ளாடை வாங்கும்போது சொல்லும் ‘கப்’ எழுத்துக்களை மருத்துவர்கள் அளவாக எடுத்துக் கொள்வதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். மார்பின் சுற்றளவுக்குத் தக்கபடியும் மாறும். பையின் கொள்ளளவை சி.சி. கணக்கில் சொல்கிறார்கள். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் உத்தேசமாக 150 முதல் 200 சி.சி. வித்தியாசம், நம் வீட்டுக் கணக்கில் சற்றேறக்குறைய ஓர் ஆழாக்கு. 300 சி.சி. பை என்றால் சுமார் 300 கிராம் எடையை உடல் இரவு பகலாகச் சுமக்கும். மேல்நாட்டில் அளவு பார்க்க விரும்பும் பெண்கள், காலுறையில் அரிசியை அளந்து கட்டி உள்ளாடைக்குள் வைத்துச் சில நாட்கள் வீட்டில் நடமாடிப் பார்ப்பதும் உண்டாம். கேட்டுக் கொண்டிருந்த நம் துணைவியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருத்துவர் சிரிக்கவில்லை. சுமை எவ்வளவு என்று ஆசைப்படுகிறவருக்குத் தெரிவது நல்லதுதானே என்றார்.

உண்மையில் அளவைத் தீர்மானிப்பது ஆசையன்று; உடம்பு. மார்பகம் மார்போடு சேரும் அடிப்பாகத்தின் அகலத்தை முதலில் அளக்கிறார்கள். தோலும் கொழுப்பும் விரலால் கிள்ளிப் பார்த்தால் எவ்வளவு கனம், தோல் எவ்வளவு இழுபடும் என்று பார்க்கிறார்கள். அடியை விட அகலமான பையை வைத்தால் அக்குள் பக்கமோ நடு நெஞ்சின் பக்கமோ பிதுங்கும். கனமான பை, வருடங்கள் செல்லச் செல்லத் தோலை மெலியச் செய்து கீழே இறங்கும். ஓரம் வெளியே தெரியும். மறுபடியும் மேஜையில் ஏற வேண்டி வரும். உடல் தாங்கும் அளவை மீறிக் கேட்டவர்களுக்கே பின்னால் தொல்லை அதிகம் என்று அவர் சொன்னார். ‘எந்த சைஸ் வேண்டும்?’ என்று எடுத்த எடுப்பில் கேட்பது துணிக்கடைக் கேள்வி. ‘எந்த அளவு இருந்தது, எந்த அளவைத் தாங்கும்?’ என்பதே மருத்துவரின் கேள்வி.

மார்பகம் அகற்றப்பட்டவருக்கு இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்கே தோலும் போயிருக்கும். ஆகவே தோலை விரிக்கும் ஒரு பையை முதலில் வைத்து, சில வாரங்களாகச் சிறிது சிறிதாக உப்பு நீரை ஏற்றி, மறு பக்கத்தின் அளவு வந்ததும் நிறுத்தி, பிறகு நிரந்தரப் பையைப் பொருத்துகிறார்கள். முதுகிலிருந்தோ வயிற்றிலிருந்தோ தசையும் கொழுப்பும் எடுத்து அமைக்கும் முறையும் உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, பையைச் சுற்றித் திசு இறுகிக் கல் போலாவது அதிகமாதலால், சொந்தத் தசையையே பெரும்பாலும் சிபாரிசு செய்கிறார்கள். சொந்த உடம்பின் தசை என்பதால் மார்க்கத்திலும் அது இலகுவான வழி. இன்னொன்றையும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். மீதமுள்ள மார்பகம் உடல் பெருத்தால் பெருக்கும், இளைத்தால் இளைக்கும், வயதானால் தளரும். பை அப்படியே இருக்கும். எனவே எவ்வளவு சரியாக அமைத்தாலும் சில வருடங்களில் வித்தியாசம் தோன்றலாம்.

இதையெல்லாம் கேட்ட பின் சட்டம் நமக்குத் தெளிவாயிற்று. நிர்ப்பந்தத்தினாலோ தேவையினாலோ அனுமதிக்கப்பட்ட காரியம், அந்தத் தேவையின் அளவோடு நின்றுவிடும் என்பது ஃபுகஹாக்களின் நிலையான விதி. இங்கே தேவையின் அளவு மானசீகமானதன்று. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மீதமுள்ள வலது மார்பகமே அந்த அளவு. அதற்கு ஒப்பாக இடது பக்கத்தை அமைப்பது கூடும், குறையைச் சீர்செய்தலாகும். இரண்டையும் முன்பிருந்ததை விடப் பெரிதாக்குவது, அதே மேஜையில் அதே மயக்க மருந்தில் நடந்தாலும், வேறு காரியம். அதற்கு இந்த அனுமதி செல்லாது.

மீதமுள்ளது கனத்துத் தொங்குவதாயிருந்து, அதற்கு ஒப்பாக மறு பக்கத்தை அமைக்க இயலாவிட்டால்? வலதைச் சிறிது குறைத்தோ தூக்கியோ சமப்படுத்துகிறார்கள். ஒரு பக்கம் கனத்தால் தோளும் முதுகும் நோகும். ஆதலால் இதுவும் சீரமைப்பின் பகுதியே. கூடும் என்பது நம் அபிப்பிராயம். அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டம் ஒன்று, மார்பகம் அகற்றும் சிகிச்சைக்கு ஈடு தரும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், மறு மார்பகத்தைச் சமப்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டும் என்கிறது.

கணவரின் சம்மதம் பற்றிச் சொல்ல வேண்டும். "கணவர் விரும்பினால் ஆகுமே" என்று படித்தவர்களும் வாதிக்கிறார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபில், மனித முடியல்லாத சுத்தமான முடியைக் கணவரின் அனுமதியோடு மனைவி வைத்துக் கொள்ளலாம் என்னும் சொல் உண்டு என்பது உண்மையே. அது இரவில் கழற்றி வைத்துவிடும் அலங்காரத்தைப் பற்றிய பேச்சு. ஆரோக்கியமான சதையைக் கீறுவதற்கு அந்த அனுமதியை இழுத்துக் கொண்டு வர முடியாது. மனைவியின் உடல் அவளிடம் உள்ள அமானிதம். கணவர் கையெழுத்திட்டு அதை அறுக்கக் கொடுக்க முடியாது. அந்தக் கணவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருப்பார் என்று நாம் கருதவில்லை. தொலைவில் இருப்பவர், மனைவியை உற்சாகப்படுத்த நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நீ இருந்தபடி இருந்தால் எனக்குப் போதும்" என்று அவர் சொல்லியிருந்தால் அந்தக் கடிதமே வேறு மாதிரி வந்திருக்கும்.

நோயும் இல்லை, குறையும் இல்லை, சிறிதாக மட்டும் இருக்கிறது என்று கவலைப்படும் பெண்களும், பெண் பார்க்க வரும் இடத்தில் என்ன சொல்வார்களோ என்று அஞ்சும் தாய்மார்களும் உண்டு. பால் சுரப்பது சுரப்பியினால். அளவில் பெரும் பங்கு கொழுப்பு. சிறிய மார்பகமுடைய தாய் பிள்ளைக்கு வயிறாரப் பாலூட்டுகிறாள். இது குறையன்று, குறையில்லாத இடத்தில் கத்திக்கு வேலையில்லை. ஆனால் பிறவியிலேயே ஒரு பக்கம் மார்புத் தசையும் மார்பகமும் வளராமல் போவது உண்டு. 1841-ல் அதை எழுதி வைத்த ஆங்கில மருத்துவரின் பெயரால் அதைப் போலண்ட் குறைபாடு என்கிறார்கள். அதற்கு மறு பக்கமே அளவு. இரு பக்கமும் அறவே வளராதிருந்தால், அந்தப் பெண்ணின் உடல்வாகுக்குச் சாதாரணமாக எது நடுத்தரமோ அதற்கு மேல் போகலாகாது என்று நாம் கருதுகிறோம். நம்மினும் அறிந்தோர் மாற்றுச் சொன்னால் ஏற்கத் தயார்.

மருத்துவரிடம் நம் பெண்கள் கேட்காமல் விடும் ஒரு கேள்வி உண்டு. பையைத் தாங்கிப் பிடிப்பதற்குச் சில சமயம் பதப்படுத்திய தோல் விரிப்பு ஒன்றை உள்ளே தைக்கிறார்கள். ஸ்ட்ராட்டிஸ் என்பது பன்றித் தோலில் செய்வது, சர்ஜிமெண்ட் மாட்டினுடையது, அல்லோடெர்ம் இறந்தோரின் தானமாகப் பெற்ற மனிதத் தோல். உடைந்த எலும்பை நஜீஸானதைக் கொண்டு ஒட்டுவது பற்றி ‘மின்ஹாஜ்’ நூலில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வகுத்த சட்டம் இங்கே பொருந்தும்: சுத்தமானது கிடைக்காத நிலையில் மன்னிப்பு உண்டு, கிடைக்கும்போது கூடாது. எனவே எதைத் தைக்கப் போகிறீர்கள் என்று முன்னரே கேட்க வேண்டும். மயக்கம் தெளிந்த பின் கேட்டுப் பயனில்லை.

பைகள் ஆயுளுக்கும் நிலைப்பவை அல்ல என்பதையும் தெரிந்து கொண்டே சம்மதிக்க வேண்டும். அமெரிக்கத் துறை 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி, அழகுக்காகப் பொருத்தியவர்களில் ஐவரில் ஒருவருக்கும், சீரமைப்புக்காகப் பொருத்தியவர்களில் இருவரில் ஒருவருக்கும் பத்து வருடங்களுக்குள் பை அகற்றப்பட்டது. ஃபிரான்சில் பி.ஐ.பி. கம்பெனி மருத்துவத்திற்கு ஆகாத தொழிற்சாலை சிலிக்கானை நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமாயிற்று. சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில பைகள், ஓர் அபூர்வ வகை நிணநீர்ப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்டிருப்பதால் 2019-ல் திரும்பப் பெறப்பட்டன. சிகிச்சை வேண்டாம் என்பவர்கள், அணிந்து கழற்றும் செயற்கை மார்பை மறு பக்கத்தின் அளவும் எடையும் பார்த்து வாங்கி அணிந்து கொள்ளட்டும். முன்பு நாம் கூடாது என்று சொன்னது தவறு என்பதை இங்கும் பதிவு செய்கிறோம். தொழுகையில் அது இருப்பதால் குற்றமில்லை. கடமையான குளிப்பின்போது கழற்றி, தழும்பின் மீதும் தண்ணீர் படச் செய்ய வேண்டும்.

உள்ளே பொருத்திய பை குளிப்பைத் தடுக்காது. காயம் ஆறும் வரை தண்ணீர் ஆகாதென்றால், ஷாஃபிஈ மத்ஹபின்படி மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மீது ஈரக் கையால் தடவி, தயம்மும் செய்ய வேண்டும். ஹனஃபீகளுக்குக் கழுவுவதும் தடவுவதும் போதும். சிகிச்சைக்குப் பெண் மருத்துவரைத் தேடுவது கடமை. தேடியும் கிடைக்காதபோது ஆண் மருத்துவரிடம் போகலாம். கணவரோ மஹ்ரமோ நம்பிக்கையான பெண்ணோ உடன் இருக்க வேண்டும்.

இவ்விபரங்களையெல்லாம் அச்சகோதரிக்கு எழுதி அனுப்பினோம். அவருடைய மறு கடிதம் நான்கு வரிதான். கணவரிடம் பேசியாயிற்று, ஒரு பக்கம் மட்டும் செய்துகொள்ளப் போகிறேன் என்று எழுதியிருந்தார். நோய் வருவதற்கு முன் தைத்த ரவிக்கை ஒன்று பெட்டியில் இருக்கிறதாம். அதை மருத்துவரிடம் கொண்டு போய் அளவுக்குக் காட்டலாமா என்று கேட்டிருந்தார். காட்டலாம் என்று எழுதினோம்.